ஸ்ராங்கு சொன்ன சொல்

நீங்களே ஜன்னல் பக்கம் உக்காருங்க சார். எனக்கு இங்கன ஓரமா, வழியைப் பாத்து இருந்தாப் போதும். ஏழு மாசமா இப்படித்தான். கோயில்லயும் வாசக்கதவுப் பக்கமாத்தான் நிக்கேன். பயம்னு நெனச்சிறாதீங்க. பயமெல்லாம் ஒண்ணும் கிடையாது. ஒரு வசதிக்கு.

திருவனந்தபுரத்துக்கா போறிய? நானும் அங்கதான். மத்தியானம் ரெண்டு மணிக்கு விசாரணை. அய்யய்யோ, அப்படிப் பாக்காதீங்க, என் மேல கேசு இல்ல. நான்தான் மனு கொடுத்தவன். இந்தப் பையில இருக்கு பாருங்க. ஒரு ஏர் ஹோஸ்டஸ் பொண்ணை வேலையை விட்டுத் தூக்கணும்னு மனு. ஆறு குடும்பம் கையெழுத்துப் போட்டிருக்கு. ஏழாவது கையெழுத்து என் கூடப்பொறந்த தங்கச்சி போடணும். போடல. அதை அப்புறம் சொல்லுதேன்.

நீங்க பேப்பர்ல படிச்சிருப்பிய. போன ஐப்பசியில, பஹ்ரைன்ல இருந்து வந்த விமானம் கடல்ல இறங்குச்சே, அதுல வந்தவன் நான். ஆமா, உசிரோட வந்தவன். தொட்டு வேணும்னாலும் பாத்துக்கிடுங்க. எல்லாரும் தொட்டுப் பாத்தாச்சு. பேரு சந்தியாகு. உவரிக்குத் தெக்க நம்ம ஊரு. கடல் வேலைதான். பஹ்ரைன்ல ஒரு அரபிக்காரன் போட்டுல ஒம்பது வருசம் ஸ்ராங்கா இருந்தேன். ஸ்ராங்குன்னா உங்களுக்குத் தெரியுமா? போட்டை ஓட்டுறவன். ஓட்டுறவன் மட்டுமில்ல, அந்தப் போட்டுல அவன் வச்சதுதான் சட்டம். வலையை இறக்குன்னா இறக்கணும், அறுத்து விடுன்னா அறுக்கணும். ஏன் எதுக்குன்னு கேக்கப்பிடாது. கேட்டுக்கிட்டு நின்னா அலை காத்துக்கிட்டு நிக்காது பாருங்க. எங்க கடக்கரையில பெத்த அப்பன் பேச்சைத் தட்டினவன் உண்டு, ஸ்ராங்கு பேச்சைத் தட்டினவன் கிடையாது.

என்னோட சேத்துப் பதினோரு பேரு. எல்லாம் நம்ம ஊரு, அடுத்த ஊருப் பயலுவ. நான்தான் கூட்டிட்டுப் போனேன். அதுல ஒருத்தன் ஜெபஸ்தின், என் தங்கச்சி பிரகாசி மாப்பிள்ளை. தங்கமான பய சார். குடி கிடையாது, வாயைத் திறந்து ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அவனுக்கு அது மொத தடவை. ரெண்டு வருசம் முடிச்சு மொத லீவுக்கு வாறான். போகும்போது பிறந்திருந்த பிள்ளைக்கு அப்ப ரெண்டு வயசு, அப்பனை போன்லதான் தெரியும்.

நமக்கு அது பதினாறாவது தடவை விமானத்துல. அதனால அவனுவ ஃபாரம் எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன், பெல்ட்டு போட்டு விடுறது நான், கக்கூஸ் கதவு எப்படித் திறக்கணும்னு சொல்லிக் கொடுக்கிறது நான். விமானத்துக்குள்ளயும் நான்தான் ஸ்ராங்கு, பாத்துக்கிடுங்க.

கிளம்பும்போது அந்தப் பொண்ணு வந்து நின்னு கையைக் காலை ஆட்டுமே, இப்படிக் கதவு, தண்ணியில மிதக்க இப்படி மஞ்சச் சட்டைன்னு. நாங்க யாரும் பாக்க மாட்டோம். யாரு பாக்கா? ஜெபஸ்தின் மட்டும் கண்ணைக் கொட்டாமப் பாத்தான். முன்சீட்டுப் பையில இருந்த படம் போட்ட அட்டையை எடுத்துப் பாடப் புஸ்தகம் மாதிரி படிச்சான். "ஏ மாப்ள, பரிச்சைக்குப் போறியா?"ன்னு கேலி பண்ணினேன். எல்லாரும் சிரிச்சானுவ. அவனும் சிரிச்சான். ஆனா அட்டையைக் கீழ வைக்கல.

நாலு மணி நேரம் ஒரு குறையும் இல்ல. விடிஞ்சு நல்ல வெயிலு. கீழ நம்ம கடலு. வள்ளங்க எறும்பு மாதிரி தெரியுது. இறங்கப் போற நேரத்துல டமார்னு ஒரு சத்தம். ஒரு பக்கம். அந்தால இன்னொரு பக்கம். பறவை அடிச்சுதுங்காவ. அதுக்கப்புறம் ஒரு அமைதி வந்துச்சு பாருங்க, எஞ்சின் நின்ன போட்டுல வருமே, அதே அமைதி. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

பைலட்டு இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொன்னான். பொம்பளையெல்லாம் கத்த ஆரம்பிச்சாச்சு. ஒருத்தன் எந்திரிச்சு மேல இருந்து பையை இழுக்கான். இன்னொருத்தன் போனை நீட்டிப் படம் பிடிக்கான் சார், சாகப்போற நேரத்துல. அந்தப் பொண்ணு ஓடி வந்து பை எடுத்தவனை உக்கார வச்சுச்சு. ஒல்லியா, இருவத்தஞ்சு வயசு இருக்கும், வடக்கத்திப் பொண்ணு. பேரு என்னமோ சைகியான்னு இந்தத் தாள்ல இருக்கு. எல்லாருக்கும் சீட்டுக்கடியில இருந்து மஞ்சச் சட்டையை எடுத்து மாட்டச் சொல்லுது. மாட்டத் தெரியாதவனுக்கு அதுவே மாட்டி விடுது. கை நடுங்கல, அதை நான் சொல்லணும். மனுவுல அதை எழுதல, ஆனா உங்ககிட்டச் சொல்லுதேன்.

எங்க இடம் கடைசி வரிசைங்க. நாங்க மலிவு டிக்கெட்டுலா. அந்தப் பொண்ணு எங்ககிட்ட வந்துச்சு. இங்கிலீஷ்ல சொல்லுச்சு, இந்தியில சொல்லுச்சு. எங்க பயலுவ முழிக்கானுவ. உடனே அது கையால காட்டுச்சு. சட்டையில தொங்குற, இழுத்தா ஊதுற அந்தச் சிவப்புக் கயித்தைப் பிடிச்சு, இழுக்கிற மாதிரி காட்டி, வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டுச்சு. பொறவு கதவைக் காட்டுச்சு. கதவுக்கு வெளிய காட்டி, அப்ப இழுன்னு காட்டுச்சு. மூணு தடவை காட்டுச்சு.

எனக்குப் புரியலைன்னு நெனச்சிறாதீங்க. நல்லாப் புரிஞ்சுது. உள்ளுக்குள்ள இருக்கும்போது இழுக்கப்பிடாது, வெளிய போய்த்தான் இழுக்கணுங்குது. ஆனா சார், கடலைப் பத்தி அது எனக்குச் சொல்லுதா?

உங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். தொண்ணூத்தி ஆறுல, கச்சான் காத்து அடிச்ச நாளு, ஆறு பேரு வள்ளத்துல போனோம். அலை தூக்கித் தூக்கிப் போடுது. நான் ஒருத்தன் மட்டும் காலி டீசல் கேனை எடுத்து இடுப்போட கட்டிட்டேன். மத்தவனுவ, வள்ளம் மறியட்டும், அப்பப் பாப்போம்னானுவ. மறிஞ்சுது. கேனு ஒரு பக்கம் போவுது, ஆளு ஒரு பக்கம் போறான். ரெண்டு நாள் கழிச்சு என்னை எடுத்தாவ, கேனோட. மத்த அஞ்சு பேரையும் எடுக்கவே இல்ல. அன்னைக்கு நான் படிச்ச பாடம் சார் அது: முங்குறதுக்கு முந்தியே மிதப்பைக் கட்டிக்கிடணும். தண்ணி வந்ததுக்கப்புறம் தேடுறவன் செத்தான். இதை எந்தப் படம் போட்ட அட்டையும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

அதனால நான் எந்திரிச்சு நின்னேன். பெல்ட்டை அவுத்துட்டு, பயலுவளைப் பாத்து நின்னேன். "எலே மக்கா, கேளுங்க. இந்தப் பொண்ணு சொல்லுததை விட்டுத்தள்ளுங்க. தண்ணியில தட்டுறதுக்கு முந்தி நான் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுவேன். மூணுன்னதும் எல்லாப் பயலும் கயித்தை இழுத்துரணும். வெளிய போய்ப் பாத்துக்கிடலாம்னு எவனாவது இருந்தான், அவன் கதை முடிஞ்சுது"ன்னேன். எல்லாரும் சரின்னு தலையாட்டினானுவ. ஸ்ராங்கு சொன்னா சொன்னதுதான்.

அந்தப் பொண்ணு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் பேசி முடிச்சதும் ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டு, "தேங்க்யூ, தேங்க்யூ சார்"னுச்சு. கண்ணுல தண்ணி நின்னுச்சு. எனக்கே என்னமோ போல ஆயிட்டு. சரி, நம்ம பெருமை அதுக்கும் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். அந்தால அது போய்ப் பின்னால உள்ள அது சீட்டுல வாரைப் போட்டு உக்காந்துட்டு. "குனி, குனி"ன்னு இங்கிலீஷ்ல கத்திக்கிட்டே இருந்துச்சு.

கடலு கிட்ட வருது. நுரை தெரியுது. நான் எண்ணினேன். ஒண்ணு. ரெண்டு. அப்ப ஜெபஸ்தின் என் கையைப் பிடிச்சான். "மச்சான், வெளிய போய்த்தான் இழுக்கணும்னு அட்டையில படம் போட்டிருக்கு மச்சான்"னான். அந்த நேரத்துல! கோவம் வருமா வராதா, சொல்லுங்க. மூணுன்னேன். சுத்தி எல்லாச் சட்டையும் பொஸ்ஸுன்னு ஊதுது. அவன் இழுக்கல. கயித்தைக் கையில பிடிச்சுக்கிட்டு என்னைப் பாக்கான். என் தங்கச்சி தாலி என் கண்ணு முன்னால நிக்குது சார். நானே அவன் கயித்தைப் பிடிச்சு இழுத்து விட்டேன். என் கயித்தை இழுக்கும் முந்தி அவன் கயித்தை இழுத்தேன். எந்த மச்சான் செய்வான்? அவன் உசிரு எனக்கு என் உசிரை விடப் பெருசா இருந்துச்சு. அதுக்கப்புறந்தான் என்னுதை இழுத்தேன்.

தக்கலை வந்துட்டோ? இன்னும் கொஞ்சம் போவணும்னா சரி.

தண்ணியில தட்டினது எப்படி இருந்துச்சுன்னு எல்லாரும் கேக்காவ. கருங்கல்லு பாறையில தட்டின மாதிரி இருந்துச்சு. வால் பக்கம் பிளந்துட்டு. தண்ணி பின்னால இருந்து வருது. முட்டி, இடுப்பு, நெஞ்சுன்னு ஒரு செபம் சொல்லி முடிக்கதுக்குள்ள ஏறிட்டு. முன்னால இருந்த சனம் எல்லாம் றெக்கைக்கு மேல உள்ள கதவைத் திறந்து ஏறி நின்னுட்டாவ. நூத்தி நாப்பது பேருக்கு மேல சும்மா கால் நனையப் போய் நின்னாவ. பொறவு விழிஞ்ஞத்து வள்ளங்க வந்து ஏத்திக்கிட்டு.

நாங்க பின்னால. எங்களுக்கான கதவு வேற, றெக்கைக்குப் பின்னால, எங்களுக்கு நாலஞ்சு வரிசை முன்னால. அதுக்குள்ள அந்த இடத்துல கதவு முழுசா தண்ணிக்குக் கீழ போயிட்டு. குனிஞ்சு, முங்கி, சீட்டுக்கு மேலயே நாலு எட்டு நீச்சல் அடிச்சாப் போதும், வெளிய போயிரலாம். எங்க பயலுவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா சார்? பிறந்ததுல இருந்து முங்குறவனுவ. இருவது பாகம் ஆழத்துல போய் நங்கூரம் எடுத்தவன் இருக்கான். ஆனா என்னன்னு தெரியல, ஒருத்தனும் முங்கல. சட்டை மேல தூக்கிக்கிட்டே போவுது. தலை போய்க் கூரையில இடிக்குது. கூரைக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு சாண் காத்து. அந்தக் காத்துல பதினோரு மூக்கு. இல்ல, எட்டு மூக்கு.

மூணு பேரு சட்டை ஊதல. ஒருத்தன் இன்னாசி. அவன் விரல்ல வலை அறுத்துக் கட்டுப் போட்டிருந்தான், இழுக்க முடியல. இன்னொருத்தன் தூக்க மாத்திரை போட்டுக் கிறங்கிக் கிடந்தான், நான் எண்ணினதே அவனுக்குத் தெரியாது. மூணாவது, ரோமால்டுன்னு ஒரு பய, அவன் என்னை மதிக்காதவன், ஆரம்பத்துல இருந்தே. அவன் வேணும்னே இழுக்கல. அந்த மூணு பேரையும் அந்தப் பொண்ணு வந்து தலையைப் பிடிச்சு அமுக்கி, கதவு வழியா வெளிய தள்ளிட்டு. ஒவ்வொருத்தனாக் கொண்டு போய் விட்டுட்டுத் திரும்ப உள்ள வந்துச்சு. மூணு தடவை.

இதைத்தான் நான் கேக்கேன் சார். என் பேச்சைக் கேக்காதவனுவ மூணு பேரும் ஊருல சீட்டு விளையாடிக்கிட்டு இருக்கானுவ. என் பேச்சைக் கேட்டவனுவ ஏழு பேரும் கல்லறையில கிடக்கானுவ. இது என்ன நியாயம்? அப்ப அந்தப் பொண்ணு ஆளு பாத்துத்தானே காப்பாத்தியிருக்கு? இதைத்தான் மனுவுல மொத வரியா எழுதச் சொன்னேன்.

நானா? நான் எப்படி வந்தேன்னு கேக்கியளா. அதுலதான் அந்தப் பொண்ணு பண்ணின கொடுமை இருக்கு. நாலாவது தடவை வந்துச்சு. காத்து அதுக்குள்ள ஒரு சாண்ல இருந்து நாலு விரக்கடைக்கு வந்துட்டு. என்கிட்ட வந்து, ஒண்ணும் சொல்லாம, என் இடுப்புல கையைப் போட்டுச் சட்டை வாரை அவுக்குது. சட்டையைத் தலை வழியா உருவுது. என் உசிரு அந்தச் சட்டையிலதான் இருக்குன்னு நான் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், இது உருவுது. கொலைகாரி! விடுவேனா? காலைத் தூக்கி ஓங்கி ஒரு மிதி மிதிச்சேன். தண்ணிக்குள்ள ஏதோ படக்குன்னு முறிஞ்ச மாதிரி காலுக்குத் தெரிஞ்சுது. அப்பவும் விடல. உருவிட்டு. என் முடியைப் பிடிச்சுத் தலையைத் தண்ணிக்குள்ள அமுக்கி, முதுகுல முட்டியைக் கொடுத்துத் தள்ளிட்டு. முங்கினேன். கண்ணு முன்னால வெளிச்சமா ஒரு சதுரம் தெரிஞ்சுது. நாலு எட்டு. வெளிய வந்துட்டேன். என் சொந்த நீச்சல்ல வந்தேன் சார். சட்டையும் இல்லாம.

ஜெபஸ்தின் என் பக்கத்துலதான் இருந்தான். கூரையில தலை இடிச்சுக்கிட்டு, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு இருந்தான். அந்தப் பொண்ணு தள்ளினப்ப அவன் கை வழுக்கிட்டு. அதுதான் கடைசி.

ரெண்டு நாள் கழிச்சு முங்கு ஆளுங்க போய் எடுத்தாவ. ஏழு பேரும் கூரையோட ஒட்டிக்கிட்டு இருந்தானுவளாம். வரிசையா. சட்டை எல்லாம் நல்லா ஊதின படிக்கே, ஒண்ணுல கூட ஓட்டை இல்ல. நான் கேக்கேன், சட்டை சரியா இருந்துச்சுலா? மிதந்தானுவலா? அப்ப நான் சொன்னதுல தப்பு என்ன? தப்பெல்லாம் அந்தக் கதவுல, அந்தப் பொண்ணுகிட்ட.

எங்க ஊரு பாதர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு விட்டாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "சந்தியாகு, வள்ளத்துக்குக் கூரை உண்டா?"ன்னாரு. அவ்வளவுதான் கேட்டாரு. பாதருக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும் சார். பாவசங்கீர்த்தனம் பண்ண வாறியான்னு கேட்டாரு. நான் என்ன பாவம் பண்ணினேன் சங்கீர்த்தனம் பண்ண?

பிரகாசி விசயத்துக்கு வாறேன். அடக்கம் முடிஞ்சு எட்டாம் நாளு. வீடு நிறையச் சொந்தக்காரங்க. நான் அவகிட்டப் போய் உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். உங்ககிட்டச் சொன்ன மாதிரியே. "உன் மாப்பிள்ளைக்கு நான் ஒரு குறையும் வைக்கல புள்ள. என் கயித்தை இழுக்கும் முந்தி அவன் கயித்தை நானே என் கையால இழுத்து விட்டேன்"னு சொன்னேன். அவளுக்கு ஆறுதலா இருக்கும்லா, அண்ணன் இருந்தான், பாத்துக்கிட்டான்னு. அவ என் மூஞ்சியைப் பாத்தா. பொறவு என் கையைப் பாத்தா. இந்தக் கையை. எந்திரிச்சு உள்ள போனா. அன்னைக்குப் பேச்சை நிப்பாட்டினவதான்.

ஏழு மாசம் சார். எதுத்த வீடு. வாசல் தெளிக்க வருவா, என்னைப் பாத்தா வாளியை எடுத்துக்கிட்டு உள்ள போயிருவா. பிள்ளையை எங்கிட்ட விட மாட்டா. எங்க அம்மையும் அப்பனும் போனதுக்கப்புறம் நான் வளத்த பிள்ளை சார் அவ, ஏழு வயசுல இருந்து. எனக்குச் சோறு இறங்கல. மனுவை எடுத்துக்கிட்டு நாலு தடவை போனேன். கையெழுத்துப் போடு புள்ள, உன் புருசனைக் கொன்னவளைச் சும்மா விடப்பிடாதுன்னேன். கதவைச் சாத்திட்டா. துக்கத்துல கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு நெனச்சேன்.

மனுவுல என்ன எழுதியிருக்குன்னா கேக்கிய? உள்ள இழுக்கப்பிடாதுன்னு அந்தப் பொண்ணு எங்களுக்குச் சொல்லவே இல்லைன்னு எழுதியிருக்கு. வக்கீல் குமாஸ்தா அப்படி எழுதினாத்தான் நிக்கும்னாரு. பொய்யில்லையே சார். தமிழ்ல சொல்லலலா? தமிழ்ல சொல்லலைன்னா சொல்லலைன்னுதானே அர்த்தம். இன்னைக்கு அதிகாரி என்கிட்டக் கேக்கப் போறது அந்த ஒரு கேள்விதானாம். சொல்லிச்சா, சொல்லலையா. நான் சொல்லலைன்னு சொன்னா அதோட வேலை போச்சு. இப்பவே ஏழு மாசமா வேலைக்கு எடுக்காம வீட்டுலதான் வச்சிருக்காவ. என் ஒரு வார்த்தையிலதான் இருக்கு எல்லாம்.

ஆனா இன்னைக்கு நல்ல நாளு சார். காலையில அஞ்சரை பஸ்ஸுக்குக் கிளம்பி வாசல்ல இறங்குதேன், பிரகாசி நிக்கா. தலையை முடிஞ்சுக்கிட்டு, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு. "அண்ணே"ன்னா. ஏழு மாசம் கழிச்சு, அண்ணே! "போறியே, அந்தப் பொண்ணுகிட்ட எனக்காக ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டு வா. உன் சட்டையை உருவினவ, அவர் சட்டையை ஏன் உருவலைன்னு கேட்டுட்டு வா. வந்து எங்கிட்டச் சொல்லு"ன்னா. பாத்தியளா? அவளுக்கும் அந்தப் பொண்ணு மேல கோவந்தான். வெளிய காட்டிக்கிடல, அவ்வளவுதான். எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. கேட்டுட்டு வாறேன் புள்ளைன்னுட்டு வந்தேன். கேக்காம விடுவேனா.

நீங்க படிச்சவிய மாதிரி இருக்கிய. எனக்கு ஒரு உதவி பண்ணணும். இந்தத் தாளைப் பாருங்க. அந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்த வாக்குமூலம். சம்மனோட எனக்கு ஒரு நகல் அனுப்பியிருக்காவ. முழுக்க இங்கிலீஷ். என் மக காலேஜ் படிக்கா. அவகிட்டக் கொடுத்தேன். முழுசா படிச்சா. படிச்சுட்டு, "எனக்கு இந்த இங்கிலீஷ் புரியலப்பா"ன்னு மடிச்சுக் கொடுத்துட்டா. இவளுக்கு எதுக்கு பீஸ் கட்டுதேன்னு தெரியல. நீங்க படிச்சுத் தமிழ்ல சொல்லுங்க. என் மேல என்ன பழி போட்டிருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா, பதில் சொல்ல வசதியா இருக்கும்.

நிதானமாப் படிங்க. களியக்காவிளை தாண்ட நேரம் இருக்கு.

ம். ஆமா, ரெண்டு எஞ்சினும் நின்னுது. ஆமா. அதெல்லாம் சரிதான், எங்களைப் பத்தி எங்க வருது?

என்ன? மறுபடிச் சொல்லுங்க.

"கடைசி வரிசையில இருந்தவங்களுக்கு நான் பேசின மொழி தெரியலை. அவங்கள்ல பெரியவர் ஒருத்தர் எந்திரிச்சு நின்னு, நான் சொன்னதை அவங்க மொழியில எடுத்துச் சொன்னார். எல்லாரும் கேட்டுத் தலையாட்டினாங்க. அவருக்கு நான் கும்பிட்டு நன்றி சொன்னேன்." அப்படியா எழுதியிருக்கா? நான் சொன்னதை எடுத்துச் சொன்னார்னா? விரலை வச்சுக் காட்டுங்க எந்த வரின்னு. இதுவா.

அதுக்குத்தான் கும்பிட்டுச்சா.

அப்ப நான் என்ன சொன்னேன்னு அதுக்குத் தெரியவே தெரியாதா சார்? ஏழு மாசமா? அவங்க ஏன் உள்ளயே இழுத்தாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை, நான் இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும், தப்பு என்னுதுதான்னா எழுதியிருக்கு? என் பேரு இல்லையா? எங்கயும் இல்லையா? நல்லாப் பாருங்க. அடுத்த பக்கமும் பாருங்க.

இல்லையா.

நல்லதாப் போச்சு. ஆமா, நல்லதுதான். எனக்கு எதிரா ஒண்ணும் இல்லலா.

இன்னும் இருக்கா? படிங்க.

படிங்க சார். ஏன் நிப்பாட்டிட்டிய? பாதியில நிப்பாட்டினா எப்படி. எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் என்ன பச்சப்பிள்ளையா.

"...கடைசியா அந்தப் பெரியவர்கிட்டப் போனேன். சட்டையைக் கழட்டினாத்தான் முங்க முடியும்னு கழட்டினேன். பயத்துல அவர் உதைச்சார். என் வலது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. அவர் மேல தப்பில்லை, அந்த நேரத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் செய்வாங்க. அவரை வெளிய அனுப்பிட்டு, பக்கத்துல இருந்தவரோட வாரை அவுக்கப் பாத்தேன். அவர் எதிர்க்கவே இல்லை. புரிஞ்சுக்கிட்டு அவரே கையைத் தூக்கிக் கொடுத்தார். என் கை வேலை செய்யலை. ஒத்தைக் கையால அந்த வாரை அவுக்க முடியலை. ரெண்டு தடவை முயற்சி பண்ணினேன். காத்து தீந்து போச்சு."

போதும் சார். மடிச்சுக் கொடுங்க.

அட்டையைப் படிச்ச பயலா. அதான் கையைத் தூக்கிக் கொடுத்திருக்கான்.

இது எந்த இடம்? பாறசாலையா? அப்ப இன்னும் ஒரு மணி நேரந்தான். மனுவை நான் கொடுக்கத்தான் செய்யணும் சார். ஆறு குடும்பம் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கு. கொடுக்கணும்லா? அதிகாரி கேப்பாரு, சொல்லிச்சா சொல்லலையான்னு. தமிழ்ல சொல்லலைன்னு சொல்லிரலாம். அது பொய்யில்ல. அந்தப் பொண்ணும் மறுத்துப் பேசாது. அதுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே.

அது இல்ல சார் இப்பப் பிரச்சினை. பிரகாசி கேட்டுட்டு வரச் சொன்னாள்லா. ஏழு மாசமா அவ ஒரு வார்த்தை பேச மாட்டாளான்னு கிடந்தேன். இன்னைக்குச் சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வாசல்லயே நிப்பா, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு. கேட்டியா அண்ணே, என்ன சொன்னான்னு கேப்பா.